என் மனைவி சிரித்துப் பார்த்த வருடம்

புத்தாண்டுப் பூசை முடிந்ததும் எங்கள் அன்பியத்தில் சீட்டு எடுப்போம். அக்கம்பக்கத்தில் குடியிருக்கும் கத்தோலிக்கக் குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடிச் செபிக்கும் சிறு குழுவுக்குத்தான் அன்பியம் என்று பெயர். எங்களுடையது பள்ளிபாளையத்தில், விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவில் இருக்கிற மிகச் சிறிய அன்பியம். ஓர் எவர்சில்வர் டப்பாவில் புனிதர்களின் பெயர் எழுதிய சீட்டுகளைச் சுருட்டிப் போட்டிருப்பார்கள். குடும்பத்துக்கு ஒன்று. யார் பெயர் வருகிறதோ அவர்தான் அந்த வருடம் அந்த வீட்டுக்குத் துணை. அவர் படத்தை வீட்டில் மாட்ட வேண்டும், அவரைப் பற்றிப் படிக்க வேண்டும், நம் வீட்டில் கூட்டம் நடக்கும் வாரத்தில் அவர் வாழ்க்கையை எல்லோருக்கும் சொல்ல வேண்டும்.

நான் சொல்லப்போகும் வருடம், டப்பாவை எங்கள் கோயிலின் பங்குச் சாமியாரே நிரப்பினார். அரசர்கள், பாப்பரசர்கள், வாளுக்குக் கழுத்தை நீட்டியவர்கள், கடலைப் பிளந்த மாதிரி புதுமை செய்தவர்கள் யாரையும் அவர் போடவில்லை. சமைத்தவர், வாசல் காத்தவர், ஏர் ஓட்டியவர், அடுத்த வீட்டில் பாத்திரம் தேய்த்தவர் என்று எல்லாம் சின்ன வேலைக்காரர்களாகவே இருந்தார்கள். கூட்டத்தில் லேசான முணுமுணுப்பு எழுந்தது. லாரி ஓட்டுபவரின் மனைவி, பயணத்தில் காப்பாற்றும் புனிதர் தன் வீட்டுக்கு வரவேண்டும் என்று ஒரு மாதமாக வேண்டிக்கொண்டிருந்தார். அவருக்குச் சமையல்காரர் வந்தார். "ஊட்ல நான் ஒருத்தி சமைக்கறது பத்தலைங்களா?" என்று சாமியாரிடமே கேட்டுவிட்டார்.

அந்தப் புனிதர்களின் ஐரோப்பியப் பெயர்கள் எங்கள் ஆட்களின் வாயில் நுழையவில்லை. இரண்டு வாரத்துக்குள் எல்லோரும் 'வாசல்காரர்', 'உழவர்', 'வேலைக்காரம்மா' என்றே சொல்லப் பழகிவிட்டோம். இங்கேயும் அப்படியே எழுதிவிட்டுப் போகிறேன்.

எங்கள் வீட்டுச் சீட்டை எடுத்தவள் என் மனைவி. வந்தது ஒரு கன்னியர் மடத்துப் பெண். பிரெஞ்சு தேசத்தில், பதினைந்து வயதில் மடத்துக்குள் போய், வெளியே வராமல், இளம் வயதிலேயே காசநோயில் இறந்துபோனவள். என் மனைவி ஒரு துண்டு கம்பெனியில் செக்கிங் பிரிவைப் பார்த்துக்கொள்பவள். எதிலும் குறை எங்கே இருக்கிறது என்றுதான் அவள் கண் முதலில் தேடும். கோயிலில் கொடுத்த சின்னப் புத்தகத்தைப் பேருந்திலேயே புரட்டி முடித்துவிட்டு, "ஏனுங்க, இந்தப் புள்ள ஒண்ணுமே பண்ணலியே" என்றாள். அன்றைய நாள்குறிப்பில், 'சீட்டு: மடத்துப் பெண். மனைவிக்குத் திருப்தி இல்லை' என்று எழுதியிருக்கிறேன். நான் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் எழுத்தர். அன்றாடம் நடந்ததை அன்றாடம் எழுதிவைக்காவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

இனி எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரே இரும்புக் கேட்டுக்குள் எதிரும் புதிருமாக இரண்டு வீடுகள். ஒன்றில் அண்ணனும் அண்ணியும், இன்னொன்றில் நாங்கள். நடுவில் ஒரு முற்றம், ஒரு குழாய், குழாயின் இருபக்கமும் வீட்டுக்கொரு பிளாஸ்டிக் டிரம். காவிரி கூப்பிடு தூரத்தில் ஓடுகிறது. ஆனாலும் எங்கள் குழாயில் தண்ணீர் நினைத்த நாளில்தான் வரும். வருகிற நேரத்தில் வீட்டில் ஆள் இல்லாவிட்டால், அடுத்து வரும்வரை பக்கத்து வீட்டில் கேட்டு நிற்க வேண்டியதுதான்.

அண்ணிக்குத் தையல் நன்றாக வரும். என் மகள் புதுநன்மை, அதாவது முதன்முதலாக நற்கருணை, வாங்கியபோது அவளுக்கு வெள்ளைக் கவுன் தைத்தது அண்ணிதான். யாரும் கேட்காமலே, கழுத்தில் லேஸ் வைத்து, ராத்திரி கண் வலிக்க வலிக்கத் தைத்தார். ஆனால் பண்டிகைக்கு முந்தின நாள் என் மனைவி ஈரோட்டுக்குப் போய் ரெடிமேட் கவுன் ஒன்று வாங்கி வந்தாள். கோயிலில் மகள் அதைத்தான் போட்டிருந்தாள். மனைவிக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. எல்லாப் பிள்ளைகளும் ரெடிமேடில் வரும்போது இவள் மட்டும் வேறு மாதிரி தெரியக்கூடாது என்று நினைத்தாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து அண்ணி அவளோடு பேசவில்லை. இவளும் கொஞ்ச நாள் பேச்சுக் கொடுத்துப் பார்த்துவிட்டு, அவரும் முகத்தைத் திருப்ப, தானும் திருப்பிக்கொண்டாள். குழாயடியில் ஒருத்தி வந்தால் மற்றவள் உள்ளே போய்விடுவாள். மூன்று வருடம் இப்படியே ஓடியது.

அந்த ஜனவரி கடைசியில், ஆற்றுப் பாலத்தருகே தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அண்ணன் சொன்னார். சேலத்தில் வேலை பார்க்கும் அவர் மகன், அங்கே ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் கொஞ்சம் பெரிய வீடாகப் பார்த்துக் குடியேறியிருந்தான். அப்பா அம்மாவை அங்கேயே வந்துவிடச் சொல்லி ரொம்ப நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். இதுவரை போகாதவர்கள் இப்போது போவதாக முடிவு செய்துவிட்டார்கள்.

"அவ போலாங்கறா. நானும் சரின்னுட்டன்," என்றார் அண்ணன். "தண்ணி புடிக்க வந்தாக்கூட ஒருத்தி மூஞ்சிய ஒருத்தி பாக்காம எத்தன நாளைக்குடா இருக்கறது? மாதா மாசம் முடிஞ்சதும் சாமான ஏத்திக் கெளம்பறோம்."

மாதா மாதம் என்றால் மே. அண்ணன் லாரி புக்கிங் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். வேலைக்குப் போன காலத்திலும், ஓய்வுக்குப் பிறகும், நாங்கள் இருவரும் ஒரே கேட்டைத் திறந்து மூடிக்கொண்டு இருந்தவர்கள். காலையில் நான் கேட்டைத் திறக்கும்போது அவர் செய்தித்தாளோடு நிற்பார். அவர் இல்லாத முற்றத்தை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டே இருந்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள்.

இதற்கிடையில் அன்பியத்தில் வாரத்துக்கு ஒரு வீடாகக் கதை சொல்லல் நடந்துகொண்டிருந்தது. எனக்கு மிகவும் பிடித்தது, ஆலை ஒன்றில் வாசல் காவலராக இருக்கும் நண்பர் சொன்னது. சீட்டில் அவருக்கு வந்தவரும் வாசல்காரர்தான். அந்தப் புனிதர் ஆயுள் முழுக்க ஒரு மடத்துக் கதவைத் திறந்து மூடியவர். மணி அடித்தால் ஆண்டவரே வந்து வெளியில் நிற்கிறார் என்ற நினைப்போடு எழுந்து போவாராம். பிச்சைக்காரன் அடித்தாலும் அதே நடை, பிஷப்பே அடித்தாலும் அதே நடை. இதைச் சொல்லிவிட்டு நண்பர் கொஞ்ச நேரம் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"நான் அப்படி இல்லீங்க," என்றார் பிறகு. "மேனேஜர் காரு ஆரன் அடிச்சா ஓடுவேன். சைக்கிள்ல வாரவன் மணி அடிச்சா, பீடிய முடிச்சுப்போட்டுத்தான் எந்திரிப்பேன். இதப் படிச்சதுக்கப்புறம் பீடிய முடிக்கறதுக்கு முன்னாடியே எந்திரிக்க வேண்டியிருக்குது. பெரிய தொந்தரவாப் போச்சு."

எல்லோரும் சிரித்தோம். ஆனால் பெரிய புனிதர்களின் கதை இந்த மாதிரி தொந்தரவு செய்வதில்லை என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. சிங்கத்துக்கு முன்னால் நின்றவரைப் பற்றிக் கேட்டால் மெய்சிலிர்க்கும். அதோடு சரி. பள்ளிபாளையத்தில் சிங்கம் கிடையாது. கதவைத் திறப்பது, சோறு பரிமாறுவது, பக்கத்தில் இருப்பவரின் குணத்தைச் சகித்துக்கொள்வது என்று வந்துவிட்டால் நமக்குத் தப்பிக்க வழியில்லை. எல்லாம் நாளைக் காலையிலேயே செய்யக்கூடிய காரியம்.

என் மனைவியும் அப்படித்தான் மாட்டிக்கொண்டாள். ஒன்றுமே செய்யாத பிள்ளையின் புத்தகத்தை, அண்ணன் சொன்ன செய்தி வந்த பிறகு, மறுபடி எடுத்துப் படித்தாள். அந்த மடத்தில் சகோதரி ஒருத்தி, அதாவது சக கன்னியாஸ்திரீ, இருந்தாள். அவள் பேச்சு, நடை, பழக்கம் எதுவுமே இந்த இளம் பெண்ணுக்குப் பிடிக்காது. ஆனால் இவள் அந்தச் சகோதரியைப் பார்க்கும்போதெல்லாம், தன்னிடம் இருப்பதிலேயே நல்ல சிரிப்பாகப் பார்த்துக் கொடுத்தாள். கடைசியில் அந்தச் சகோதரியே வந்து, என்னைப் பார்த்தால் மட்டும் உனக்கு அப்படி என்ன சந்தோஷம் என்று கேட்கிற அளவுக்கு வந்துவிட்டது.

"இது நம்மளால முடியும்," என்றாள் என் மனைவி.

அடுத்த நாள் காலை குழாயடியில் அண்ணி குடத்தோடு வந்தபோது, இவள் உள்ளே போகாமல் நின்று சிரித்தாள். நான் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தேன். உண்மையைச் சொல்வதென்றால், அது அவளுடைய இயல்பான சிரிப்பு இல்லை. பள்ளிக்கூடத்து குரூப் போட்டோவில் சிரிப்பது மாதிரி, எடுத்து முடிக்கும்வரை அப்படியே வைத்திருக்கிற சிரிப்பு. அண்ணி ஒரு விநாடி பார்த்துவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். இவள் மனம் தளரவில்லை. கேட்டருகே பார்த்தால் சிரித்தாள். கோயிலில் பார்த்தால் சிரித்தாள். அண்ணியின் வீட்டில் அட்டைப் பெட்டிகள் வந்து இறங்கின அன்றைக்கும் சிரித்தாள்.

இரண்டு வாரம் கழித்து அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, தப்பா எடுத்துக்காத. உன்ற ஊட்டுக்காரிய சிரிக்க வேண்டாம்னு சொல்லு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"உங்கண்ணி சொல்லிச் சொல்லி அழுவறா. இருந்த வரைக்கும் மூஞ்சியத் திருப்புனாளாம். நாம போறம்னு தெரிஞ்சதும் சந்தோசம் பொறுக்காம தெனமும் பல்லக் காட்டறாளாம். மே மாசம் வரைக்கும் எதுக்கு, ஏப்ரல்லயே போயரலாம்ங்கறா."

அலுவலகத்தில் எந்தச் செய்தியையும் யோசித்துச் சொல்பவன் நான். இதை எப்படிச் சொன்னாலும் ஒன்றுதான் என்று தோன்றியதால் மனைவியிடம் நேராகவே சொல்லிவிட்டேன். அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். முதலில் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு நிஜமானது. பிறகு முன்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்தப் புள்ள சிரிச்சா மட்டும் அந்த அம்மாளுக்கு வெளங்குச்சே. எனக்கு மட்டும் ஏனுங்க இப்படி ஆவுது?"

புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தை நிதானமாக வாசித்தேன். அவசரமாகப் படித்ததில் அவள் ஒரு வரியை விட்டிருந்தாள். அந்த இளம் பெண் வெறுமனே சிரிக்கவில்லை. முதலில் அந்தச் சகோதரிக்காகச் செபித்தாள். பிறகு அவளுக்கு என்னென்ன உதவி செய்ய முடியுமோ அதையெல்லாம் செய்தாள். வெடுக்கென்று பதில் சொல்ல நாக்கு துடித்தபோது மட்டும் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு மூன்றாவதாகத்தான் வந்தது. என் மனைவி முதல் இரண்டையும் விட்டுவிட்டு நேராக மூன்றாவதுக்குப் போய்விட்டாள். வாசித்துக் காட்டினேன். அவள் காயை நறுக்கி முடித்தாள், தொலியைக் கூட்டி எடுத்தாள், பிறகு சொன்னாள்:

"அந்தம்மா மேல அந்தப் புள்ளைக்குத்தான் கோவம். இங்க எம்மேலதான அக்காளுக்குக் கோவம். அதுவும் நாயமான கோவம்."

அதுவரை அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. போய் மன்னிப்புக் கேட்டுவிடேன் என்றேன். இப்போது போய்க் கேட்டால், அவர்கள் வீட்டைக் காலி பண்ணிப் போகிற நேரத்தில் நல்ல பேர் வாங்கப் பார்க்கிறாள் என்றுதான் ஆகும் என்றாள். எனக்கும் அது சரி என்று பட்டது. அடுத்த நாளிலிருந்து சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

அண்ணனும் அண்ணியும் ஃபேர்லேண்ட்ஸ் வீட்டை ஒழுங்குபடுத்த அடிக்கடி காலைப் பேருந்தில் சேலம் போய் இரவுச் சாப்பாட்டுக்குத் திரும்பி வருவார்கள். அப்படி ஒரு நாள் அவர்கள் போயிருந்தபோது குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. என் மனைவி கம்பெனிக்குப் போகத் தலை வாரிக்கொண்டிருந்தவள், பாதிப் பின்னலோடு ஓடிப்போய் முதலில் அண்ணியின் டிரம்மை நிரப்பினாள். அவர்கள் வாசலில் இருந்த குடங்களையும் நிரப்பி மூடினாள். எங்கள் டிரம்மில் பாதி ஏறுவதற்குள் தண்ணீர் நின்றுவிட்டது. அன்று நாங்கள் அளந்து குளித்தோம்.

மறுநாள் காலை அண்ணி முற்றத்தில் என்னை நிறுத்தினார். குரல் வழக்கத்தைவிடக் கொஞ்சம் உரக்கவே இருந்தது.

"தம்பி, தண்ணி புடிச்சு வெச்சதுக்கு ரொம்பச் சந்தோசமுங்க. அந்த ஊட்ல ஒருத்தருக்காச்சும் மனசு இருக்குதே."

நான் வாயைத் திறந்தேன். எதிரே எங்கள் ஜன்னலுக்குள் என் மனைவி நின்று, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். திறந்த வாயை என்ன செய்வதென்று தெரியாமல், "பரவால்லீங்க அண்ணி" என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

உள்ளே வந்து மனைவியிடம் சண்டை பிடித்தேன். செய்யாத காரியத்துக்குப் பெயர் வாங்குவது என்னால் முடியாது என்றேன். அவள் குரலை உயர்த்தவில்லை. "சும்மா இருங்க. நீங்க சொல்லிப்போட்டீங்கன்னா, நான் செஞ்சது பேரு வாங்கறதுக்குன்னு ஆயிரும்," என்றாள். அன்றைய நாள்குறிப்பில், 'எனக்குச் சேராத பாராட்டு ஒன்று' என்று எழுதினேன். அது போதவில்லை. அடுத்த வாரம் மறுபடி அண்ணி ஊரில் இல்லாத நாளில் தண்ணீர் வந்தது. மறுபடி இவள் பிடித்தாள். மறுபடி எனக்குத்தான் பாராட்டு. இந்தத் தடவை ஒரு டப்பா நிறையக் கச்சாயமும் வந்தது. "தம்பிக்கு மட்டும்" என்று அண்ணி முற்றத்தில் நின்று அழுத்திச் சொல்லிக் கொடுத்தார். வெல்லமும் அரிசி மாவும் சேர்த்துச் சுட்ட அந்தக் கச்சாயத்தை என்னால் விழுங்க முடியவில்லை. மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்து இரண்டு எடுத்துத் தின்றாள். "சும்மா சொல்லக்கூடாது. அக்கா கை கைதான்," என்றாள்.

அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இருபது வருடத்துக்கு மேல் கூட வாழ்ந்தவள். கம்பெனியில் தன் கைப்பட்ட சரக்கை வேறொருத்தி தன்னுடையது என்று சொன்னால் மேனேஜர் அறை வரை போய்ச் சண்டை போடுகிறவள். இப்போது தன் வேலைக்கு நான் பெயர் வாங்குவதைப் பார்த்துக்கொண்டு கச்சாயம் தின்கிறாள். அந்த மடத்துப் பெண்ணைப் பற்றி எனக்கு உண்மையிலேயே புரிந்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன். பெரிய புனிதர்களின் கதையில் எப்போதும் ஒரு கூட்டம் நின்று பார்த்துக்கொண்டிருக்கும். இந்தச் சின்னவர்களின் கதையில் பார்க்க ஆள் இல்லை. ஆள் இல்லாத இடத்தில் ஒரு காரியத்தைச் செய்வது எங்களைப் போன்றவர்களுக்கு நாக்கை அறுத்துக்கொடுப்பதைவிடக் கஷ்டம். ஆனால் முடியாததில்லை. என் வீட்டிலேயே ஒருத்தி செய்துகொண்டிருந்தாள்.

மே வந்தது. எங்கள் அன்பியத்தில் மே மாதம் மாதா சுரூபம், அதாவது மாதாவின் சிலை, வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டில் ஒரு நாள் இருக்கும். மாலையில் எல்லோரும் கூடி செபமாலை சொல்வோம். மறுநாள் அந்த வீட்டுப் பெண் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு போய் அடுத்த வீட்டுப் பெண்ணின் கையில் கொடுக்க வேண்டும். ஆண்கள் தூக்கக்கூடாது என்பது எழுதாத சட்டம். வாசற்படியில் இரண்டு பெண்களும் சேர்ந்து சுரூபத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க, வந்தவர்கள் மாதா பாட்டுப் பாடுவார்கள். பாட்டு முடிந்த பிறகுதான் கொடுத்தவர் கையை எடுக்கலாம். பிறகு கொடுத்த வீட்டார் உள்ளே போய், செபித்து, ஏதாவது வாயில் போட்டுக்கொண்டுதான் திரும்ப வேண்டும். எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு அண்ணி வீடு. அவர்கள் கிளம்புவதற்கு இன்னும் சில நாள்களே இருந்தன.

சுரூபம் எங்கள் வீட்டுக்கு வந்த அன்றைக்குத்தான் எங்கள் முறைக் கதையும். அண்ணி வந்து நிலைப்படி ஓரமாக, எழுந்து போக வசதியாக உட்கார்ந்துகொண்டார். மனைவி புத்தகத்தைக் கையில் வைத்திருந்தாலும் பார்க்கவில்லை. மடத்துப் பெண்ணின் கதையைச் சுருக்கமாகச் சொன்னாள். துணி துவைக்கும்போது பக்கத்தில் இருந்தவள் அழுக்குத் தண்ணீரை முகத்தில் தெறிக்கவிட்டும் முகத்தைத் துடைக்காமல் இருந்ததையும், பிடிக்காத சகோதரியிடம் சிரித்ததையும் சொன்னாள். பிறகு, தானும் அப்படிச் சிரித்துப் பார்த்ததாகவும் அது தப்பாகவே போய் முடிந்ததாகவும் சொன்னாள்.

"சிரிப்பு லேசு இல்லீங்க. அதுக்கு முன்னாடி செய்ய வேண்டிய வேல நெறைய இருக்குது. நான் அத உட்டுப்போட்டு சிரிச்சேன்."

கூட்டம் சிரித்தது. வாசல் காவலர் நண்பர் சும்மா இருக்கவில்லை. "யாரப் பாத்துங்க சிரிச்சீங்க? புடிக்காதவங்க யாரு?" என்று கேட்டுவிட்டார். அண்ணனும் நானும் ஒரே நேரத்தில் தரையைப் பார்த்தோம்.

"எனக்குப் புடிக்காதவங்க இல்லீங்க," என்றாள் என் மனைவி. "என்னப் புடிக்காதவங்க. அவங்களுக்குக் காரணமும் இருக்குது."

தண்ணீர் பிடித்ததைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அண்ணி செபமாலையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போகவில்லை.

மறுநாள் மாலை, பக்கத்துத் தறிக்காரர் வீட்டம்மா எப்போதும்போல் மாதாவுக்கு மல்லிகைப்பூ கட்டிக் கொடுத்து, சுரூபத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். என் மனைவி சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு முற்றத்தைக் கடந்தாள். எதிரே அண்ணி மெழுகுவர்த்தி ஏற்றி வைத்துவிட்டுக் கையை நீட்டினார். சுரூபம் சுண்ணாம்பில் வார்த்தது, பார்வைக்குத் தெரிவதைவிடக் கனம் அதிகம். இரண்டு பேரும் அதைப் பிடித்தபடி, ஒரு முழ தூரத்தில், முகத்துக்கு முகம் நின்றார்கள். திரும்பிக்கொள்ள இருவருக்கும் வழியில்லை.

பாட்டைத் தொடங்குவது வாசல் காவலர். வழக்கமாக முதல் சரணத்தோடு முடித்துவிடுவார். அன்று இரண்டாவது, மூன்றாவது என்று போய்க்கொண்டே இருந்தார். எங்களில் பலர் வரிகள் தெரியாமல் வாயை மட்டும் அசைத்தோம். ஏன் அப்படி நீட்டினீர்கள் என்று பிற்பாடு கேட்டேன். "மாதா பாட்ட பாதியில நிறுத்தலாமுங்களா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். வேண்டுமென்றே செய்தாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

மூன்றாவது சரணத்தில் என் மனைவியின் கை நடுங்குவதை நான் பார்த்தேன். அண்ணியும் பார்த்திருக்க வேண்டும்.

"கை வலிக்குதா புள்ள?" என்றார், பாட்டுக்கு நடுவில், மெதுவாக.

"இல்லக்கா."

"பொய் சொல்லாத. அடியில புடி."

பாட்டு முடிந்தது. என் மனைவி கையை எடுத்துவிட்டு, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் வாசலிலேயே நின்றாள். அண்ணி சுரூபத்தை அணைத்தபடி திரும்பிப் பார்த்து, "அங்கயே நின்னா எப்படி? உள்ள வா அம்மிணி," என்றார்.

உள்ளே அட்டைப் பெட்டிகளைச் சுவரோரமாக ஒதுக்கி, அவற்றுக்கு நடுவில் மாதாவுக்கு மேசை போட்டிருந்தார்கள். செபம் முடிந்து எங்கள் மகளும் மற்றவர்களும் போன பிறகு நாங்கள் நான்கு பேர் மட்டும் இருந்தோம். அண்ணி தட்டில் கச்சாயம் கொண்டு வந்தார். வழக்கம்போல் நான் கையை நீட்டினேன். தட்டு என்னைக் கடந்து போனது.

"உங்களுக்கு இன்னைக்கு இல்லீங்க தம்பி. தண்ணி புடிச்சவளுக்குத்தான்."

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"நீங்க புடிச்சிருந்தா டிரம்மு மூடி கோணலா இருக்குமா? செருப்பையே கோடு கிழிச்சாப்பல வெக்கற ஆளு நீங்க. மொத நாளே தெரிஞ்சுபோச்சு." பிறகு என் மனைவியைப் பார்த்தார். "உன்ற காதுல உழுவோணும்னுதான் தம்பியப் புகழ்ந்தேன். பொறுக்காம வெளிய வந்து நான்தான்னு சொல்லுவ, அத வெச்சு நாலு வார்த்த கேக்கலாம்னு பாத்தேன். நீ வரவேயில்ல."

"வாய் வரைக்கும் வந்துச்சுக்கா," என்றாள் என் மனைவி.

"வந்திருக்கும். உன்னத் தெரியாதா எனக்கு."

மனைவி கவுன் விஷயத்தைப் பேச ஆரம்பித்தாள். அண்ணி கையமர்த்தி, அது இப்போது எதற்கு, ஆறிப்போவதற்குள் சாப்பிடு என்றார். இவள் அழுதுகொண்டே சாப்பிட்டாள். அண்ணன் சுவரோரத்துப் பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவற்றைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை.

அதற்குப் பிறகும் நான்கு நாள் யாரும் பேசவில்லை. கேட்கப் பயமாக இருந்ததால் நானும் கேட்கவில்லை. ஐந்தாம் நாள் காலை கேட்டைத் திறந்தேன். வெளியே ஒரு சிறிய சரக்கு வண்டி நின்றது. சாமான் ஏற்ற வரச் சொல்லியிருந்த வண்டி. டிரைவர் ஹாரன் அடித்தார். செய்தித்தாளோடு வந்த அண்ணன், வண்டியைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"வேண்டாம்னு சொல்ல மறந்தே போயிட்டன்டா."

என்ன வேண்டாம் என்று கேட்டேன். அவள் இங்கேயே இருந்துகொள்ளலாம் என்கிறாள், மகனிடம் முந்தாநாளே பேசிவிட்டாள், நான்தான் வண்டிக்காரனிடம் சொல்லவில்லை என்றார். இதை என்னிடமும் சொல்லவில்லை என்பது அவருக்குத் தோன்றவேயில்லை.

அண்ணி வெளியே வந்து வண்டியைப் பார்த்தார். வந்தவனை வெறுமனே அனுப்புவானேன், பையனிடம் கட்டில் இல்லை, பின்னறைக் கட்டிலையும் மெத்தையையும் ஏற்றி அனுப்பலாம் என்றார். என் மனைவி பின்னலை முடிந்துகொண்டே ஓடி வந்து மெத்தையின் ஒரு முனையைப் பிடித்தாள். மெத்தையைச் சுருட்டிக் கட்ட வேண்டும் என்றாள் இவள். சுருட்டினால் பஞ்சு திரண்டுபோகும், விரித்துத்தான் போட வேண்டும் என்றார் அவர். விரித்தால் காற்றில் பறந்துபோகும் என்றாள் இவள். சேலம் ரோட்டில் மெத்தை பறந்ததை எங்கே பார்த்தாய் என்றார் அவர். குரல் ஏற ஏற எதிர்வரிசை வீட்டு ஜன்னல்கள் திறந்தன. டிரைவர் கயிற்றை வைத்துக்கொண்டு, யார் சொல்வதைக் கேட்பதென்று தெரியாமல் நின்றார்.

அண்ணன் செய்தித்தாளில் பாதியைப் பிரித்து என்னிடம் கொடுத்தார். நாங்கள் கேட்டில் சாய்ந்து நின்றோம்.

"சண்ட போடறாளுங்கடா," என்றார், அவ்வளவு நிம்மதியாக.